ஐரிஷ் கவுன்ட்டி கவுன்சில் தேர்தல் முடிவை எப்படிப் படிப்பது?

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது டொனிகால் கவுன்ட்டி. 2024 ஜூன் 7 அன்று நடந்த கவுன்சில் தேர்தலில் அங்குள்ள 37 இடங்களில் 4 இடங்களை, அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்ட ஒரு கட்சி பிடித்தது. கட்சியின் பெயர் ‘100% ரிட்ரெஸ்’. கோரிக்கை ஒன்றே ஒன்று: உதிர்ந்துகொண்டிருக்கும் எங்கள் வீடுகளுக்கு முழு இழப்பீடு கொடு.

டொனிகாலில் ஆயிரக்கணக்கான வீடுகள் தரங்கெட்ட கான்கிரீட் கல்லால் கட்டப்பட்டவை. கல்லில் மைக்கா போன்ற தாதுக்கள் அளவுக்கு மீறிக் கலந்திருந்தன. முதலில் வெளிச்சுவரில் மயிரிழையாக ஒரு விரிசல் தெரியும். சில வருடங்களில் விரல் நுழையும் அளவுக்கு விரியும். பிறகு கல்லைக் கையால் நோண்டினாலே பொடியாகக் கொட்டும். 2021-ல் இந்த வீட்டுக்காரர்கள் டப்ளின் வீதிகளில் திரண்டார்கள். அரசு ஒரு நிவாரணத் திட்டம் கொண்டுவந்து, வீட்டுக்கு 4,20,000 யூரோ என்று உச்சவரம்பும் வைத்தது. இடித்துக் கட்ட அது போதாது என்று சொன்னவர்களில் ஒரு பகுதியினர்தான் கட்சி தொடங்கி வேட்பாளர்களை நிறுத்தினார்கள்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அந்தக் கட்சி ஜெயித்த விதம். பெரிய கட்சிகள் பல தலைமுறையாக வேரோடியிருக்கும் ஊரில், ஒற்றைக் குறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் கவுன்சிலுக்குள் நுழைய முடிந்தது என்றால், மக்களின் கோபத்துக்கு இருக்கும் அதே பங்கு ஓட்டு எண்ணும் முறைக்கும் உண்டு. அந்த முறை பிடிபட்டுவிட்டால் அயர்லாந்தின் எந்த ஊர்த் தேர்தல் முடிவையும் படித்துவிடலாம்.

கவுன்சில் என்றால் என்ன

அயர்லாந்துக் குடியரசில் இப்போது 31 உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன. 26 கவுன்ட்டி கவுன்சில்கள். டப்ளின், கார்க், கால்வே ஆகிய மூன்று நகர கவுன்சில்கள். நகரமும் கவுன்ட்டியும் ஒன்றாக இணைக்கப்பட்ட லிமெரிக், வாட்டர்ஃபோர்டு. எல்லாம் சேர்த்து 949 கவுன்சிலர்கள். 2014-க்கு முன்னால் இதற்கும் கீழே சிறுநகர கவுன்சில்கள் இருந்தன. ஒரே சட்டத்தில் 80 சிறுநகர கவுன்சில்களைக் கலைத்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை 1,627-லிருந்து 949-க்கு இறங்கியது. செலவு மிச்சம் என்று காரணம் சொன்னார்கள். ஊர்ப் பிரச்சினையைச் சொல்ல இருந்த ஆளையே எடுத்துவிட்டார்கள் என்ற புலம்பல் அந்தச் சிறுநகரங்களில் இன்னும் ஓயவில்லை. எனக்கும் அந்தப் புலம்பலில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

ஒவ்வொரு கவுன்சிலும் சில தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதிக்கு ஒரு கவுன்சிலர் என்பது கிடையாது. மூன்று முதல் ஏழு பேர் வரை. டொனிகாலில் ஏழு பகுதிகள். மில்ஃபர்டுக்கு 3 இடம், கார்ன்டோனாவுக்கு 4, பன்க்ரானாவுக்கு 5, லெட்டர்கெனிக்கு 7. மீதி மூன்று பகுதிகளுக்கும் ஆளுக்கு 6. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. இப்படிச் சொல்வது எளிது, நடந்ததோ வேறு. அரசுகள் தங்களுக்குச் சாதகமில்லாத நேரத்தில் உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது அயர்லாந்திலும் பழைய வழக்கம்தான். 1999-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரசியலமைப்பையே திருத்தி, ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்று எழுதிவைத்த பிறகுதான் அது நின்றது. தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தல்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரலாம்.

யார் ஓட்டுப் போடலாம்

பதினெட்டு வயதாகி, அந்தப் பகுதியில் வசித்தால் போதும். குடியுரிமை தேவையில்லை. பொதுத் தேர்தலிலும் அதிபர் தேர்தலிலும் இந்தச் சலுகை இல்லை, கவுன்சில் தேர்தலில் மட்டும் உண்டு. டப்ளினிலும் கார்க்கிலும் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்களும் ஐ.டி. ஊழியர்களும் வேலை விசாவில் இருக்கும்போதே பெயரைப் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம். பலருக்கு இது தெரியாது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கே எப்படி ஓட்டு என்று தாங்களாகவே முடிவுகட்டி விடுகிறார்கள்.

வேட்பாளராக நிற்கவும் குடியுரிமை வேண்டியதில்லை. நைஜீரியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த ரொட்டிமி அடெபாரி 2004-ல் போர்ட்லீஷ் சிறுநகர கவுன்சிலுக்குத் தேர்வானார். 2007-ல் அதே ஊரின் மேயரானார். அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயர் அவர்தான். கேரளத்திலிருந்து வந்த பேபி பெரப்பாடன் 2024-ல் தெற்கு டப்ளின் கவுன்ட்டியின் மேயரானார்.

தாளில் என்ன எழுத வேண்டும்

ஓட்டுச் சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில், புகைப்படத்தோடு இருக்கும். பொத்தானும் இல்லை, முத்திரையும் இல்லை. பென்சிலால், பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எண் போட வேண்டும். எத்தனை பேருக்குப் போடுவது என்பது உங்கள் இஷ்டம். 1 மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் ஓட்டு செல்லும்.

இதற்கு ஒற்றை மாற்று வாக்கு முறை என்று பெயர். நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல. மாநிலங்களவைக்கு நம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுவதும் இந்த முறையில்தான். அயர்லாந்தில் அதை முதலில் சோதித்துப் பார்த்தது ஸ்லைகோ நகரம், 1919 ஜனவரியில். அப்போது ஆட்சி பிரிட்டனுடையது. விடுதலை கேட்ட ஷின் ஃபெய்ன் கட்சி எல்லா இடத்தையும் வாரிக்கொண்டு போய்விடாமல், பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பிய சிறுபான்மை யூனியனிஸ்டுகளுக்கும் இடம் கிடைக்க வேண்டும் என்பது ஆட்சியாளர்களின் கணக்கு. சுதந்திரம் வந்தபின் ஃபியானா ஃபாயில் கட்சி இந்த முறையை ஒழிக்க 1959-லும் 1968-லும் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் முடியாது என்றுவிட்டார்கள்.

புதிதாக ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இன்னொருவருக்கு 2 போட்டால், நான் 1 போட்டவருக்கு அது பாதகமாகாதா? ஆகாது. நீங்கள் 1 போட்டவர் ஜெயித்த பிறகோ அல்லது போட்டியிலிருந்து நீக்கப்பட்ட பிறகோதான் உங்கள் 2-ஐ யாரும் பார்ப்பார்கள். அதுவரை அது தாளில் சும்மா இருக்கும். வீடு வீடாக வரும் வேட்பாளர்களுக்கும் இது தெரியும். பக்கத்து ஊர்க்காரருக்குத்தான் என் ஓட்டு என்று நீங்கள் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். “சரி, அப்படியானால் இரண்டாவதாவது எனக்குப் போடுங்கள்” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எண்ணிக்கை

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? அதற்கு ‘கோட்டா’ என்று பெயர். செல்லுபடியான மொத்த ஓட்டை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பின்னத்தை விட்டுவிட்டு, வந்த விடையோடு ஒன்றைச் சேர்த்தால் கோட்டா. மூன்று இடமுள்ள மில்ஃபர்டில் ஏறக்குறைய கால்வாசி ஓட்டு வேண்டும். ஏழு இடமுள்ள லெட்டர்கெனியில் எட்டில் ஒரு பங்கு போதும். சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் பெரிய பகுதிகளில் ஏன் செழிக்கிறார்கள் என்பதற்கு முக்கால்வாசி விடை இதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று இடம், ஐந்து வேட்பாளர்கள், 8,000 ஓட்டு. கோட்டா: 8,000-ஐ 4-ஆல் வகுத்தால் 2,000, கூட 1, ஆக 2,001.

முதல் சுற்றில் எல்லோருடைய 1-ஐயும் எண்ணுகிறார்கள். அ 2,601, ஆ 1,900, இ 1,500, ஈ 1,200, உ 799. அ கோட்டாவைத் தாண்டிவிட்டார், அவர் தேர்வு. மற்ற யாரும் எட்டவில்லை. நம் ஊர் வழக்கப்படி முதல் மூவரை அறிவித்துவிட்டு மாலை போடலாம்: அ, ஆ, இ. இங்கே அப்படி இல்லை.

அ-வுக்குத் தேவைக்கு மேல் 600 ஓட்டு இருக்கிறது. அது வீணாகக் கூடாது. அவருடைய 2,601 தாள்களையும் திரும்ப எடுத்து, 2 யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். பாதிப் பேர் ஈ-க்குப் போட்டிருந்தால் உபரியில் பாதி, அதாவது 300 தாள், ஈ-க்குப் போகும். மூன்றில் ஒரு பங்கினர் உ-வுக்குப் போட்டிருந்தால் அங்கே 200. மீதியில் இ-க்கு 60, ஆ-வுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்று முடிவில் ஆ 1,940, இ 1,560, ஈ 1,500, உ 999.

இன்னும் யாரும் கோட்டாவைத் தொடவில்லை. கடைசியில் இருக்கும் உ நீக்கப்படுகிறார். அவருடைய 999 தாள்களும் அடுத்த விருப்பத்துக்கு மாறும். ஈ-க்கு 600, இ-க்கு 150, ஆ-வுக்கு 50. மீதி 199 தாள்களில் அடுத்த எண்ணே எழுதப்படவில்லை, அவை ஒதுக்கி வைக்கப்படும். மூன்றாம் சுற்று முடிவில் ஈ 2,100, ஆ 1,990, இ 1,710.

ஈ கோட்டாவைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அவருடைய உபரி 99. அது முழுவதும் இ-க்கே போனாலும் அவர் ஆ-வை எட்ட முடியாது. ஆகவே அதைப் பிரிக்காமலே, ‘கோட்டா எட்டாமல் தேர்வானவர்’ என்று ஆ-வை அறிவித்துவிடுவார்கள். முதல் சுற்றில் மூன்றாவதாக இருந்த இ வீட்டுக்குப் போகிறார், நான்காவதாக இருந்த ஈ கவுன்சிலுக்குப் போகிறார். இ-க்கு விசுவாசிகள் உண்டு. மற்றவர்களின் ஆதரவாளர்களில் அவரை இரண்டாவதாக நினைத்தவர்கள்தான் குறைவு.

முடிவுப் பக்கத்தில் ஒவ்வொரு வேட்பாளர் பெயருக்கும் எதிரே கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்ட எண்கள் பத்து, பன்னிரண்டு கட்டங்களுக்கு நீளும். முதல் கட்டத்தைப் பார்த்ததுமே பலரும் பக்கத்தை மூடிவிடுவார்கள். நான் கூட்டல் எண்களைத்தான் முதலில் பார்ப்பேன். யார் நீக்கப்பட்டபோது யாருக்கு ஓட்டுப் பாய்ந்தது என்று பார்த்தால், எந்தக் கட்சிக்காரர்கள் எந்தக் கட்சியைச் சகித்துக்கொள்கிறார்கள், எந்தக் கிராமம் கட்சி பார்க்காமல் ஊர்க்காரருக்கே போட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

நுணுக்கம் ஒன்று உண்டு, விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். உபரியாக மாற்றப்படுபவை உண்மையான தாள்கள். ஈ-க்குரிய கட்டின் மேலிருந்து 300 தாளை எடுத்துத் தருவார்கள். அந்த 300-ல் எழுதியிருக்கும் 3-ம் விருப்பமும், கட்டிலேயே தங்கிவிட்ட தாள்களில் இருக்கும் 3-ம் விருப்பமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றிரண்டு ஓட்டில் தீர்மானமாகும் கடைசி இடத்துக்கு இதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்துவிடுகிறது. அது மட்டுமல்ல, மாற்றி வந்த ஓட்டால் ஒருவர் கோட்டாவைத் தாண்டினால், கடைசியாக வந்த கட்டை மட்டும்தான் பிரித்துப் பார்ப்பார்கள். நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் தேர்தலில் ஓட்டைப் பின்னமாக்கி இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறார்கள். கவுன்சில் தேர்தலில் பழைய வழிதான்.

இதையெல்லாம் இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்று 2004 உள்ளாட்சித் தேர்தலுக்காக ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து மின்னணு ஓட்டு இயந்திரங்கள் வாங்கினார்கள். நம்பகத்தன்மை குறித்துக் கேள்வி எழுந்ததால் அந்தத் தேர்தலில் பயன்படுத்தவே இல்லை. பல வருடம் கிடங்கு வாடகை கட்டிவிட்டு 2012-ல் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இன்றும் காகிதமும் பென்சிலும்தான்.

டாலிக்காரர்கள்

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் காலை பெட்டிகள் திறக்கப்படும், பெரும்பாலும் விளையாட்டு அரங்குகளில். ஊழியர்கள் மேசையில் தாள்களை முகம் தெரிய விரித்துப் பிரிப்பார்கள். இடுப்பளவுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாக் கட்சியின் ஆட்களும் தோளோடு தோள் உரச நிற்பார்கள். கையில் அட்டை, அதில் வேட்பாளர் பெயர்கள் அச்சடித்த தாள், பென்சில். ஒருவர் எட்டிப் பார்த்து 1 யாருக்கு என்று பெயரைச் சொல்லச் சொல்ல மற்றவர் கோடு கிழிப்பார். ஐந்தாவது கோடு குறுக்கே. எந்தப் பெட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் மதியத்துக்குள் எந்தக் கிராமத்தில் யாருக்கு எத்தனை என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

இதைத்தான் ‘டாலி’ என்கிறார்கள். வெளியே எலியும் பூனையுமாக இருக்கும் கட்சிகள் இங்கே பெட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டு எண்ணி, கணக்கைப் பகிர்ந்துகொள்வார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வருவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே வானொலியில் வருவது இந்த டாலிதான். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்த தேர்தலில் எந்தத் தெருவில் இன்னொரு முறை கதவைத் தட்ட வேண்டும் என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

டொனிகாலில் நடந்தது

2019-ல் அங்கே ஃபியானா ஃபாயிலுக்கு 12 இடம், ஷின் ஃபெய்னுக்கு 10, ஃபைன் கேலுக்கு 6. 2024-ல் ஃபியானா ஃபாயில் 10, ஷின் ஃபெய்ன் 10, ஃபைன் கேல் 3, 100% ரிட்ரெஸ் 4. மீதியில் பெரும்பான்மை சுயேச்சைகளுக்கு.

வீட்டுச் சுவர் விரிசல் கண்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்திலிருந்து ஃபியானா ஃபாயில் குடும்பம். ஒரே ஓட்டுதான் என்றால் கட்சியா, வீடா என்று அவர் தடுமாறியிருப்பார். இந்த முறையில் தடுமாற்றம் தேவையில்லை. 1 ரிட்ரெஸ் கட்சிக்கு, 2 பழைய கட்சிக்கு. ரிட்ரெஸ் வேட்பாளர் தோற்றால் ஓட்டு தாய்வீட்டுக்கே திரும்பிவிடும். கல் பிரச்சினை கடுமையாக இருக்கும் இனிஷோவன் தீபகற்பத்தில் பன்க்ரானா, கார்ன்டோனா இரண்டு பகுதிகளிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

நாடு முழுவதும் பார்த்தால் ஃபியானா ஃபாயில் 248, ஃபைன் கேல் 245. இரண்டுக்கும் இடையே வெறும் மூன்று இடம். பசுமைக் கட்சி 49-லிருந்து 23-க்குச் சரிந்தது. ஷின் ஃபெய்னின் கதை தனி. 2020 பொதுத் தேர்தலில் மிகக் குறைவான வேட்பாளர்களை நிறுத்தி, கிடைத்த ஓட்டுக்கு ஏற்ற இடத்தைக் கோட்டைவிட்டது. அந்தத் தவறு வேண்டாம் என்று 2024-ல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நிறுத்தியது. அதற்குள் காற்று மாறிவிட்டது. ஒரே பகுதியில் இரண்டு மூன்று பேர் குறைந்த ஓட்டைப் பங்குபோட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நீக்கப்பட்டார்கள். 102 பேர்தான் தேறினார்கள். எத்தனை பேரை நிறுத்துவது, தெருவின் எந்தப் பக்கத்தை யாருக்கு 1 போடச் சொல்வது என்பது இந்த முறையில் தனிக் கலை.

ஓட்டுப் போட வந்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு.

ஜெயித்து என்ன செய்வார்கள்

உள்ளூர்ச் சாலை, அரசு வீடுகள், கட்டட அனுமதி, நூலகம், தீயணைப்பு, பூங்கா ஆகியவை கவுன்சிலின் கையில். பள்ளி, மருத்துவமனை, போலீஸ் இல்லை. குடிநீரும் 2014 முதல் தேசிய நிறுவனத்திடம் போய்விட்டது. கையில் இருக்கும் துறைகளிலும், பெரும்பாலான கவுன்சில்களில், அன்றாட முடிவுகளை எடுப்பவர் தலைமை நிர்வாக அதிகாரி. அவர் தேர்தலில் நின்று வந்தவர் அல்ல. கவுன்சிலர்களுக்கென்று இருப்பது பட்ஜெட்டை நிறைவேற்றுவது, வீட்டுவரியைக் கூட்டிக் குறைப்பது, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது. இந்தக் கடைசி அதிகாரம் சின்னதாகத் தெரியும். 1990-களில் டப்ளினைச் சுற்றியிருந்த விளைநிலங்களை மனைகளாக மாற்றக் கவுன்சிலர்களுக்குக் கைமாறிய பணத்தைப் பற்றி விசாரித்த தீர்ப்பாயம் 1997-ல் தொடங்கி, 2012-ல்தான் இறுதி அறிக்கை கொடுத்தது.

ரிட்ரெஸ் கவுன்சிலர்கள் நான்கு பேராலும் இழப்பீட்டு உச்சவரம்பை உயர்த்த முடியாது, அது டப்ளினில் இருக்கும் மத்திய அரசின் கையில். ஆனால் நிவாரண விண்ணப்பம் போய்ச் சேருமிடம் கவுன்ட்டி கவுன்சில் அலுவலகம். அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் இருப்பது வேறு விஷயம்தானே.

கவுன்சிலர்களுக்கு ஊருக்கு வெளியேயும் இரண்டு அதிகாரம் உண்டு. செனட்டின் 60 உறுப்பினர்களில் 43 பேரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மை இவர்கள்தான். நான்கு கவுன்சில்கள் சேர்ந்தால் ஒருவரை அதிபர் தேர்தலுக்கு வேட்பாளராக முன்மொழியலாம். கட்சிகளின் ஆதரவு இல்லாதவர்கள் அதிபர் தேர்தல் வந்ததும் கவுன்சில் கவுன்சிலாக ஏறி இறங்குவது அதற்காகத்தான்.

ஒருவர் நாடாளுமன்றத்திலும் கவுன்சிலிலும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது. 2024 நவம்பரில் பொதுத் தேர்தல் வந்தபோது, ஐந்து மாதத்துக்கு முன் ஜெயித்த கவுன்சிலர்கள் பலர் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்கள். அந்த இடங்களுக்கு இடைத்தேர்தல் நடத்தவில்லை. போனவரின் கட்சி ஓர் ஆளைச் சொல்ல, கவுன்சில் அவரைச் சேர்த்துக்கொள்ளும். அவ்வளவு நுட்பமாக எண்ணி முடித்த தேர்தலில் ஒரு வேட்பாளராகக்கூட நிற்காத ஒருவர் மிச்சம் நாலரை வருடம் கவுன்சிலராக இருக்கலாம். சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை. அதே நவம்பரில் டொனிகால் தொகுதியின் ஐந்து நாடாளுமன்ற இடங்களில் ஒன்றை 100% ரிட்ரெஸ் கட்சியின் சார்ல்ஸ் வார்டு பிடித்தார்.